துடிப்பு, பிரசர், இளங்கொடி: வன்னி வாசகர் கேட்டவை

கர்ப்பகாலச் சிக்கல்களும் பிள்ளை இழப்பும் பற்றி வந்த கடிதங்களில் ஆறுக்கு இம்முறை பதில் தருகிறோம். எழுதியவர்களின் பெயரை விட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம். மருந்தின் அளவுகளை விளங்கிக்கொள்வதற்காகவே எழுதியிருக்கிறோம். அவற்றை வைத்து நீங்களாகக் குளிசை வாங்கிப் போடாதீர்கள்.

எனக்கு 34 வாரம். இரண்டு நாளாகப் பிள்ளை துடிக்கிறது குறைவு. “மாதம் கிட்டினால் உள்ளுக்கு இடம் காணாது, அதாலதான் துடிப்புக் குறையும். குளிரா ஒரு சோடா குடிச்சிட்டுப் படு” என்று மாமி சொல்லுறா. துடிப்பு அட்டையில் நாளுக்குப் பத்து வரத்தான் செய்யுது. பொறுத்துப் பார்க்கலாமா? (மல்லாவி)

பொறுத்துப் பார்க்கக் கூடாது. இது கடிதம் எழுதிப் பதிலுக்குக் காத்திருக்கிற விடயமும் அல்ல. அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போயிருக்க வேண்டும்.

மாதம் கிட்டும்போது துடிப்பின் விதம் மாறும். முன்பு உதைத்தது பிறகு புரள்வது போலவும் தள்ளுவது போலவும் தெரியும். ஆனால் எண்ணிக்கை குறையாது. பிள்ளை உள்ளே நித்திரை கொள்வது ஒரு தடவைக்கு 20 முதல் 40 நிமிடம் வரைதான். 90 நிமிடத்தைத் தாண்டுவது அரிது. இளங்கொடி (நஞ்சுக்கொடி) போதியளவு ஒட்சிசன் கொடுக்காதபோது பிள்ளை முதலில் கைகால் அசைப்பதைக் குறைத்து மூளைக்கும் இதயத்துக்கும் மிச்சம் பிடிக்கும். துடிப்புக் குறைகிறது என்றால் உள்ளே இந்தச் சிக்கனம் தொடங்கியிருக்கலாம்.

அட்டையில் பத்து வந்துவிட்டதே என்று ஆறுதல் அடையவும் முடியாது. நாளுக்குப் பத்துத் துடிப்பு வரும்வரை எண்ணிக் குறிக்கும் இந்த முறையை 68,000 க்கு மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் சோதித்த ஆய்வு 1989 இல் வெளிவந்தது. எண்ணியவர்களிடமும் எண்ணாதவர்களிடமும் இறந்து பிறந்த பிள்ளைகளின் வீதம் ஏறக்குறைய ஒன்றுதான். பலர் வைத்தியசாலைக்கு வந்து சேர்ந்தபோது பிள்ளையின் இதயம் ஏற்கெனவே நின்றிருந்தது. பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட கர்ப்பங்களை வைத்துச் செய்து 2018 இல் வெளியான ஆய்வு, தாய்மாருக்குத் துடிப்பைப் பற்றி விளக்கிச் சொல்லி, குறைந்தது என்று வந்தவர்களை ஒரே ஒழுங்கில் பரிசோதித்தது. அங்கும் இறப்பு உறுதியாகச் சொல்லுமளவுக்குக் குறையவில்லை, சிசேரியன்தான் கூடியது. இதை மறைத்து “எண்ணினால் போதும்” என்று சொல்வது சரியல்ல. எங்கள் கருத்து இதுதான்: அட்டையை நிரப்புங்கள், ஆனால் எண்ணை விட உங்கள் பிள்ளையின் வழக்கத்தை நம்புங்கள். நேற்றுவரை இரவு எட்டு மணிக்கு வயிறு குலுங்கத் துடித்த பிள்ளை இன்று அந்த நேரத்தில் சும்மா கிடந்தால், அட்டையில் பத்து இருந்தாலும் அது மாற்றம்தான்.

சந்தேகம் என்றால் சாப்பிட்டுவிட்டுப் பக்கவாட்டில் படுத்து, வேறு வேலை எதுவும் இல்லாமல் இரண்டு மணிநேரம் கவனியுங்கள். பத்துக்குக் குறைந்தால் புறப்படுங்கள். அறவே துடிப்பில்லை என்றால் அந்த இரண்டு மணிநேரமும் வேண்டாம். சோடா குடித்தபின் ஒருமுறை துடித்தால் பிள்ளை உயிரோடு இருக்கிறது என்று மட்டும் தெரியும், நலமாக இருக்கிறதா என்று தெரியாது. பிள்ளையின் நாடியைக் கேட்க இணையத்தில் வாங்கும் கைடொப்ளர் கருவியும் அப்படித்தான். தாயின் நாடியையே பிள்ளையின் நாடி என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கிவிடுகிற ஆபத்து அதில் உண்டு.

வைத்தியசாலையில் பிரசரும் சிறுநீரும் பார்த்து, வயிற்றில் பட்டி கட்டி 20 நிமிடமாவது பிள்ளையின் இதயத்துடிப்பைப் பதிவு செய்வார்கள். தேவைப்பட்டால் ஸ்கானில் வளர்ச்சியும் பனிக்குட நீரும் பார்ப்பார்கள். எல்லாம் சரி என்று வீட்டுக்கு விட்டபின் நாளைக்கே மறுபடி குறைந்தால் மறுபடி போகவேண்டியதுதான். இரண்டாம் தரம் வருகிறவரைச் சலிப்போடு பார்க்கிற தாதியும் இருப்பார். அதைப் பொருட்படுத்தாதீர்கள். இரவில் மாங்குளம் சந்திவரை ஓட்டோ கிடைக்குமா, யானை நிற்குமா என்று யோசித்து விடியட்டும் என்று இருக்காமல் 1990 க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம்.

மல்லாந்து படுப்பது பற்றியும் ஒரு வரி. 28 வாரத்துக்குப் பிறகு நித்திரைக்குப் போகும்போது பக்கவாட்டில் படுக்க வேண்டும். மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பையின் பாரம் முதுகுத்தண்டோடு ஓடும் பெரிய நாளத்தை அமத்தி இரத்தம் இதயத்துக்குத் திரும்புவதைக் குறைக்கும். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2019 ஆம் ஆண்டுக் கணக்கில், மல்லாந்து நித்திரைக்குப் போனவர்களிடம் பிந்திய மாதங்களில் பிள்ளை இறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்காக இருந்தது. இடமோ வலமோ வித்தியாசம் இல்லை. இடையில் முழித்து மல்லாந்து கிடந்தால் திரும்பிப் படுங்கள். அதற்காகப் பயப்பட வேண்டாம்.

மனைவிக்கு 31 ஆம் வாரத்தில் பிரசர் கூடி வலிப்பு வந்தது. ஊசி ஏற்றினார்கள். ஏறும்போதே “உடம்பெல்லாம் எரியுது” என்று கத்தினா. அடுத்த நாள் பிள்ளை இறந்துதான் பிறந்தது. அந்த ஊசியாலதான் பிள்ளை போனது என்று ஊரில் கதைக்கிறார்கள். அடுத்த பிள்ளைக்கு என்ன செய்வது? (புதுக்குடியிருப்பு)

அந்த ஊசியால் அல்ல. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது வலிப்பைத் தடுக்கும் மக்னீசியம் சல்பேற்று. முதலில் 4 கிராம் நாளத்தில் மெதுவாக ஏற்றுவார்கள். வேறு வைத்தியசாலைக்கு அனுப்பவேண்டி இருந்தால் இரண்டு பிட்டத்திலும் 5 கிராம் வீதம் ஆழமாகப் போடுவதும் உண்டு. இரத்தக் குழாய்களை விரிப்பதால் முகமும் மார்பும் தணல் பட்டதுபோல எரியும்; பிட்டத்தில் போட்டது நாள்கணக்கில் நோகும். 2002 இல் வெளியான 33 நாட்டு ஆய்வில் 10,000 க்கு மேற்பட்ட தாய்மார் சேர்ந்தனர். மருந்து பெற்றவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இப்படி ஏதோவொரு பக்கவிளைவு வந்தது. ஆனால் வலிப்பு பாதிக்கும் கீழே இறங்கியது. பிள்ளைகளின் இறப்புக் கூடவில்லை. இந்த மருந்தில் பயப்படவேண்டியது அளவு மிஞ்சுவதற்குத்தான். அதற்காகத்தான் அடிக்கடி முழங்காலில் தட்டி அசைவு பார்ப்பதும், மூச்சு எண்ணுவதும், சிறுநீரை அளப்பதும். மிஞ்சினால் மாற்று மருந்தாகக் கல்சியம் குளுக்கோனேற்று கட்டிலருகே இருக்க வேண்டும்.

பிள்ளையைக் கொண்டுபோனது கர்ப்பகாலப் பிரசர் நோய். முதல் நான்கைந்து மாதத்தில் இளங்கொடிக்குப் போகும் தாயின் குழாய்கள் வாய்க்காலைப் போல அகல வேண்டும். அகலாவிட்டால் இளங்கொடிக்கு இரத்தம் காணாது. பிள்ளை மெலியும். பட்டினி கிடக்கும் இளங்கொடி தாயின் இரத்தத்தில் விடும் பொருட்கள் அவருடைய குழாய்களையும் சிறுநீரகத்தையும் ஈரலையும் கெடுக்கும். 20 வாரத்துக்குப் பிறகு 140/90 அல்லது அதற்கு மேல் இரண்டு தரம் காட்டுவதும், சிறுநீரில் புரதம் போவதும் அதன் வெளிப்பாடு. 160/110 ஐத் தொட்டால் அது அவசரம். விடாத தலையிடி, கண் மங்குதல், மின்னல் தெறித்தல், வலது விலாவுக்குக் கீழே நோ, ஒரே இரவில் முகமும் கையும் வீங்குதல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த கிளினிக் நாளைப் பார்த்திருக்கக் கூடாது. மேல்வயிற்று நோவை வாய்வு என்று நினைத்து இஞ்சித் தண்ணி குடித்துக் காலம் போக்குவதுதான் அதிகம் நடக்கும் பிழை.

அடுத்த தடவை மறுபடி வருமா? முன்பு வந்தவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு வரும். 28 க்கும் 34 வாரத்துக்கும் இடையில் பிள்ளையை எடுக்க நேர்ந்திருந்தால் மூன்றில் ஒருவருக்கு. அதாவது வராமல் போகிறவர்களே அதிகம்.

அதைக் குறைக்க வலுவான சான்று உள்ள மருந்து குறைந்த அளவு அஸ்பிரின். ஐரோப்பாவிலும் இஸ்ரேலிலுமாக 1,776 பேரிடம் செய்து 2017 இல் வெளியான ஆய்வில், இரவில் 150 மில்லிகிராம் எடுத்தவர்களில் 1.6 சதவீதத்தினருக்கே 37 வாரத்துக்கு முன் பிள்ளையெடுக்க வேண்டிய அளவுக்கு நோய் வந்தது. வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் அது 4.3 சதவீதம். ஆனால் 12 ஆம் வாரமளவில், பிந்தினாலும் 16 க்கு முன் தொடங்க வேண்டும். குழாய்கள் அகலும் காலம் அதுதான். ஐந்தாம் மாதம் கிளினிக்குக் கொண்டுபோனால் அந்தச் சந்தர்ப்பத்தில் பெரும்பகுதி போய்விடும். ஆகவே நாள் தள்ளிய கிழமையே மருத்துவமாதுவிடம் பதிந்து, பழைய டயக்னோசிஸ் காட்டை (வைத்தியசாலை எழுதித் தந்த நோய்விவர அட்டையை)க் காட்டுங்கள். வயிற்றுப்புண், அஸ்பிரினுக்கு வரும் இழுப்பு இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். காய்ச்சல் வந்தால் அடுத்த குளிசை போடுமுன் வைத்தியரைக் காண வேண்டும். டெங்குவாக இருந்தால் அஸ்பிரின் இரத்தப்போக்கைக் கூட்டும்.

பிரசர் நோயைத் தடுக்கக் கொடுக்கும் கல்சியத்தில் ஒரு கணக்கு வழக்கமாகப் பிழைக்கும். குளிசையின் நிறை வேறு, அதிலுள்ள கல்சியம் வேறு. 300 மில்லிகிராம் கல்சியம் லக்டேற்றுக் குளிசையில் உள்ள கல்சியம் ஏறக்குறைய 40 மில்லிகிராம்தான். 1,250 மில்லிகிராம் கல்சியம் காபனேற்றில் 500 இருக்கும். உணவில் கல்சியம் குறைந்த இடங்களில் நாளுக்கு 1,500 முதல் 2,000 வரை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவந்தது. பெங்களூரிலும் தன்சானியாவிலும் செய்து 2024 இல் வெளியான ஆய்வில், பிரசர் நோயைத் தடுப்பதில் 500 உம் 1,500 உம் ஏறக்குறைய ஒன்றாக நின்றன. குரக்கன் மா 100 கிராமில் 300 க்கு மேல் உண்டு. முள்ளோடு மெல்லும் நெத்தலியும் நல்லது. ஆனால் கருவாட்டு உப்பு மிஞ்சக் கூடாது. கல்சியத்தையும் இரும்புச்சத்துக் குளிசையையும் ஒன்றாக விழுங்கினால் ஒன்று மற்றதை உறிஞ்சவிடாது. ஒன்றைக் காலையிலும் மற்றதை இரவிலும் எடுங்கள். இரும்புக் குளிசைக்கு மேல் தேத்தண்ணி வேண்டாம், தேசிக்காய்த் தண்ணி குடிக்கலாம்.

பார்மசியில் பிரசர் பார்ப்பதானால் ஐந்து நிமிடம் சாய்ந்திருந்து, கால்களைத் தரையில் வைத்து, கையை நெஞ்சின் மட்டத்தில் வைத்துப் பாருங்கள். பருத்த கைக்குச் சின்னப் பட்டி கட்டினால் பொய்யாகக் கூட்டிக் காட்டும்.

பிள்ளை பிறந்த கையோடு எல்லாம் முடிந்தது என்றும் இல்லை. மூன்றாம் நாளுக்கும் ஆறாம் நாளுக்கும் இடையில் பிரசர் மறுபடி ஏறும். வீட்டுக்கு வந்தபின் தலையிடி என்றால் திரும்பப் போக வேண்டும்.

37 வாரத்தில் இறந்து பிறந்தது. காரணம் தெரியாது என்று எழுதித் தந்தார்கள். பிரேத பரிசோதனைக்குக் கேட்டபோது “பச்சைப் பிள்ளையை வெட்ட விடமாட்டோம்” என்று மறுத்துவிட்டோம். இப்போது மனம் அரிக்கிறது. பிழை செய்துவிட்டோமா? (நெடுங்கேணி)

மறுத்தது உங்கள் உரிமை. அதைப் பிழை என்று சொல்லமாட்டோம். முழுப் பரிசோதனை செய்த இடங்களிலும் கணிசமான பங்கு காரணம் பிடிபடாமலே முடிகிறது. ஆனால் வெட்டாமலும் செய்யக்கூடியவை நிறைய உண்டு என்பதை யாரும் உங்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை என்று தெரிகிறது.

முதலாவது இளங்கொடி. பிள்ளை இறப்புக்கான காரணம் கண்டுபிடிக்கப்படும்போது அதிகமாக அகப்படுவது அதிலும் தொப்புள்கொடியிலும்தான். நிறுத்து, பின்புறத்தில் இரத்தக்கட்டி உள்ளதா என்று பார்த்து, தாராளமான போர்மலினில் போட்டு நுணுக்குக்காட்டிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். இறந்த பகுதிகள், கிருமித் தொற்று, திடீரெனக் கழன்ற அடையாளம் எல்லாம் அதில் தெரியும். பிரசவ அறையிலேயே எறிந்துவிட்டால் பிறகு எதுவும் செய்ய முடியாது. ஆகவே இப்படியொரு நிலைமை வந்தால் உறவினர் ஒருவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி “இளங்கொடியை அனுப்புறீங்களா?” என்பது. அதற்குப் பிள்ளையின் உடலில் கத்தி படத் தேவையில்லை. வெளித்தோற்றத்தை ஒழுங்காகப் பார்த்து எழுதுவது, நிறையும் நீளமும் தலைச்சுற்றளவும் அளப்பது, படம் எடுப்பது, எக்ஸ்ரே எடுப்பது ஆகியவற்றுக்கும் அப்படியே.

தாயிடம் இப்போதும் செய்யக்கூடியவை உள்ளன. இரத்தத்தை உறையவைக்கும் அன்டிபொஸ்பொலிபிட் எதிர்பொருளைப் பார்க்கலாம். ஒருமுறை இருக்கிறது என்று வந்தால் 12 கிழமை விட்டு மறுபடி பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். அது உறுதியானால் அடுத்த கர்ப்பத்தில் அஸ்பிரினும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியும் கொடுக்க வழியுண்டு. சீனி வருத்தம், தைரோயிட், இரத்தவகை எதிர்பொருட்கள் ஆகியவையும் பார்க்கப்படும். பழைய கிளினிக் கொப்பியில் வயிற்றின் உயரத்தைக் கிழமைவாரியாகக் குறித்த கோடு படுத்திருக்கிறதா என்றும் பாருங்கள். பிள்ளை வளராமல் நின்றதைச் சொல்லும் மலிவான சாட்சி அது. துண்டு வெட்டி (வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு விட்டு)த் தந்த காட்டையும் கொப்பியையும் எறியாமல், மகப்பேற்று நிபுணரின் கிளினிக்குக் கொண்டு போங்கள்.

“மாலை சுத்திப் பிறந்தால் மாமனுக்கு ஆகாது” என்பார்கள். ஸ்கானில் கழுத்தில் கொடி சுற்றியிருக்கு என்று சொன்னார்கள். சிசேரியன் கேட்கலாமா? (முழங்காவில்)

வேண்டாம். பிறக்கும் பிள்ளைகளில் நான்கில் ஒன்றுக்கு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். தலை வெளிவந்ததும் விரலால் கழற்றிவிடுவார்கள். கொடிக்குள் இருக்கும் பசை போன்ற பொருள் குழாய்கள் நசியாமல் காக்கும். இன்று சுற்றியது நாளை கழன்றிருக்கவும் கூடும். மாமன் பயப்படத் தேவையில்லை.

பிள்ளை போய் மூன்றாம் நாள் பால் கட்டிவிட்டது. துணியால் இறுக்கக் கட்டச் சொல்கிறார்கள். நோ தாங்க முடியவில்லை. (விசுவமடு)

பால் இறங்குவது இளங்கொடி வெளியேறியதால் நடப்பது. பிள்ளை இருக்கிறதா இல்லையா என்று உடம்புக்குத் தெரியாது. துண்டு வெட்டும்போதே இதைச் சொல்லி அனுப்பாதது பெரிய குறை. வீட்டில் தனியே இருக்கும்போது சட்டை நனைவது எவ்வளவு கொடுமை என்று அனுபவித்தவருக்குத்தான் தெரியும்.

இறுக்கிக் கட்டாதீர்கள். பால் ஒரு இடத்தில் தேங்கிச் சீழ் பிடிக்கும். தாங்கிப் பிடிக்கும் அளவான உள்ளாடை போதும். குளிர்ந்த ஈரத்துணியை 15 நிமிடம் வைத்து எடுங்கள். நோ குறையும் அளவுக்கு மட்டும் கொஞ்சமாகப் பீச்சுங்கள். முழுதாக எடுத்தால் அதே அளவு மறுபடி ஊறும். பரசிற்றமோல் எடுக்கலாம். தண்ணீர் குடிப்பதைக் குறைக்க வேண்டாம். மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டும் வழக்கத்தை இந்தியாவில் குளிசையோடு ஒப்பிட்டு 1988 இல் ஒரு சிறிய ஆய்வு வந்தது. பூவும் பாலைக் குறைக்கத்தான் செய்தது. விருப்பமானால் வையுங்கள், இறுக்காமல். பால் வற்ற ஒரே தரம் கொடுக்கும் கபர்கோலின் குளிசை உண்டு. ஆனால் பிரசர் இருந்தவருக்கு அது ஆகாது. கேட்கும்போது அதைச் சொல்லுங்கள். மார்பு சிவந்து காய்ச்சல் நடுக்கம் வந்தால் அன்றே வைத்தியரிடம் போக வேண்டும்.

பேத்தி 1,600 கிராமில் பிறந்தாள். மகளை நெஞ்சில் கட்டி வைத்திருக்கச் சொல்லி வீட்டுக்கு விட்டார்கள். வீட்டில் 31 துடக்கு, நான் தொடலாமா? இந்தச் சித்திரை வெயிலில் பிள்ளைக்கு எப்படிக் குளிரும்? (அக்கராயன்)

தொடலாம், தொடவும் வேண்டும். மகள் குளிக்க, சாப்பிட, கண்ணயர ஆள் வேண்டுமே. தகப்பனும் கட்டலாம். முழங்கைவரை சவர்க்காரம் போட்டுக் கழுவுவதுதான் இங்கே முக்கியமான துடக்கு.

கட்டும் விதம் இது: பிள்ளைக்குத் தொப்பி, காலுறை, நப்பி மட்டும். உங்கள் மார்பும் வெறுமையாக இருக்க வேண்டும். இரண்டு மார்புக்கும் நடுவே நெட்டாக, தவளைபோலக் கைகால் மடித்து ஒட்டவையுங்கள். தலையை ஒரு பக்கம் திருப்பி நாடியை, அதாவது மோவாயை, சற்று உயர்த்துங்கள். நாடி நெஞ்சில் குத்தியிருந்தால் மூச்சுக்குழாய் மடியும். இதிலுள்ள பெரிய ஆபத்து அதுதான். துணியின் மேல் விளிம்பு காதுக்குக் கீழே நிற்கட்டும். நெஞ்சோடு இறுக்கமாகவும் வயிற்றோடு தளர்வாகவும் கட்டுங்கள், பிள்ளை வயிற்றால்தான் மூச்சு விடும். நாளுக்கு எட்டு மணிநேரமாவது, கூடக்கூட நல்லது. படுக்கும்போது தட்டையாகப் படுக்காமல் தலையணைகளில் சாய்ந்திருங்கள்.

இந்த முறை 1978 இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் காணாத வைத்தியசாலையில் தொடங்கியது. இந்தியாவிலும் நான்கு ஆபிரிக்க நாடுகளிலும் செய்து 2021 இல் வெளியான ஆய்வில், 1,000 க்கும் 1,799 கிராமுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளைப் பிறந்தவுடனே கட்டத் தொடங்கியபோது முதல் 28 நாளில் இறந்தவர்கள் 12 சதவீதம். நிலைப்பட்டபின் கட்டியவர்களில் 15.7 சதவீதம். வித்தியாசம் பெரிதாக இருந்ததால் ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள்.

வெயிலைப் பற்றி: வெளியே 34 பாகை என்றாலும் பிள்ளையின் உடம்புச் சூட்டைவிட அது குறைவுதான். பிள்ளைக்குத் தேவை 36.5 முதல் 37.5 வரை. கொழுப்பில்லாத மெல்லிய தோல், ஈர நப்பி, மேலே சுற்றும் காற்றாடி இவை போதும், கால் சில்லிட்டுவிடும். பாதம் குளிர்ந்து வயிறு சூடாக இருந்தால் உடனே கட்டுங்கள். வயிறும் குளிர்ந்தால் கட்டிக்கொண்டே வைத்தியசாலைக்குப் போங்கள். வழியிலும் நெஞ்சுதான் இன்குபேட்டர்.

பால் இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை, இரவிலும். சூப்பக் களைத்தால் பீச்சிச் சின்னக் கோப்பையால் உதட்டில் சாய்த்துக் கொடுங்கள். பிள்ளையே நக்கிக் குடிக்கும், வாய்க்குள் ஊற்றக் கூடாது. தொப்புளில் சாம்பலோ எண்ணெயோ வேண்டாம், காயவிடுங்கள். சாம்பிராணிப் புகையை இந்த நுரையீரலுக்குக் காட்டவே வேண்டாம். மருத்துவமாது முதல் பத்து நாளில் இரண்டு தரமாவது வர வேண்டும்; வராவிட்டால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குச் சொல்லுங்கள்.

நிமிடத்துக்கு 60 க்கு மேல் மூச்சு, விலாவுக்குக் கீழ் குழி விழுதல், பால் குடிக்க மறுத்தல், உள்ளங்கால்வரை மஞ்சள், கைகால் வெட்டி இழுத்தல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் துடக்கு முடியட்டும் என்று வாசலில் நிற்காதீர்கள். மூச்சை எண்ணும்போது மணிக்கூட்டை வைத்து முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். மாதம் முந்திப் பிறந்த பிள்ளை சில நொடி நிறுத்தி நிறுத்தி மூச்சு விடும். 15 செக்கன் எண்ணி நாலால் பெருக்கினால் கணக்குப் பிழைக்கும்.